கேரமாண்ட் சாய்வெழுத்தை எங்கே போடுவது, எங்கே நிறுத்துவது?

ஜூன் 3, ராணிப்பேட்டை வாசகர் கேட்டது

ஜவ்வாது மலைச் செடிகொடிகளைப் பற்றி அப்பா எழுதி வைத்த குறிப்புகளைப் புத்தகமாகப் போடுகிறோம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். ஆங்கிலத்துக்குக் கேரமாண்ட் எழுத்துரு என்று முடிவு செய்துவிட்டோம். அதன் இட்டாலிக்கை, அதாவது சாய்வெழுத்தைப் பார்த்ததிலிருந்து முன்னுரை நான்கு பக்கத்தையும் அதிலேயே போட வேண்டும் என்று ஆசை. தமிழ்ப் பக்கத்தையும் அதே அளவு சாய்த்துவிட்டால் ஜோடி சேரும் அல்லவா? அச்சு வேலை தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

தமிழைச் சாய்க்காதீர்கள் தம்பி. ஆங்கில முன்னுரை நான்கு பக்கத்தையும் சாய்வில் போடவும் வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம், இவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கில இட்டாலிக் என்பது நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்தது அல்ல. அது வேறொரு கையெழுத்திலிருந்து வந்தது. இத்தாலியில் 15-ஆம் நூற்றாண்டில் அலுவலகங்களிலும் படிப்பாளிகளிடமும் வேகமாக எழுதப் புழங்கிய கையெழுத்தை அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் நடத்திய அச்சகத்துக்காகப் பிரான்செஸ்கோ கிரிஃபோ என்பவர் அதை அச்செழுத்தாக வெட்டினார். 1501-ல் வந்த வர்ஜில் கவிதைப் பதிப்புதான் முழுக்க அந்த எழுத்தில் வந்த முதல் புத்தகம். கையடக்கமான புத்தகம்.

தமிழில் அப்படி இரண்டு கைகள் அச்சுக்கு வரவில்லை. வந்தது ஒன்றுதான். இல்லாத இன்னொன்றைக் கணினியிடம் கேட்டால் அது இருப்பதைத் தள்ளிச் சாய்த்துத் தருகிறது, அவ்வளவுதான்.

ஜூன் 4, காலை

கடைக்கு வந்ததும் ஒரு தாள் எடுத்துப் பார்த்தேன். “பக்கம்” என்ற சொல்லை வழக்கமான புத்தக அளவில் ஒரு தடவை நேராகவும் ஒரு தடவை கணினியில் சாய்க்கும் ஐ பட்டன் அழுத்தியும் எடுத்தேன்.

நேரில் இருக்கும்போது முதல் க-வின் புள்ளி அதன் தலைக்கு மேலே இருக்கிறது. சாய்த்ததும் புள்ளி வலப்பக்கம் தள்ளிப்போய் இரண்டு க-வுக்கும் நடுவில் தொங்குகிறது. சின்ன எழுத்தில் கண் ஒரு நொடி தயங்கும். ம்-இன் புள்ளி அடுத்து வரும் இடைவெளியை நோக்கிப் போகிறது. ஒரு பக்கத்தில் எத்தனை மெய்யெழுத்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், அத்தனை இடத்தில் இந்தத் தயக்கம்.

அடுத்து சுழிகள். ண, ஞ, ழ இவற்றின் வட்டமெல்லாம் முட்டை ஆகிவிடுகின்றன. வட்டத்தைத் தள்ளினால் மேல் வலமும் கீழ் இடமும் இழுபடும், மற்ற இரண்டு மூலையும் நசுங்கும். எழுத்தை வரைந்தவர் எங்கே தடிமன் வைத்தாரோ அது அந்த இடத்தில் இருக்காது. காலும் மெலிந்துவிடும். “கொடி” என்று போட்டுப் பாருங்கள், ஒற்றைக்கொம்பு போய் க-வின் மேல் சாய்ந்துகொள்கிறது.

ஜூன் 4, மதியம்

உங்களிடம் இருப்பது எந்தக் கேரமாண்ட் என்று பாருங்கள். இது முக்கியம்.

கணினியில் “கேரமாண்ட்” என்று மட்டும் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸோடு வந்த, மோனோடைப் நிறுவனத்தின் கேரமாண்ட். 1922-ல் செய்தது. எழுத்துருவுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு எழுத்து வெட்டுநர் கிளாட் கேரமாண்ட் 1561-லேயே இறந்துவிட்டார். மோனோடைப் மாதிரியாக எடுத்துக்கொண்ட எழுத்தை வெட்டியவர் அவருக்குப் பிந்தைய ழான் ஜனோன். செடான் என்ற ஊரில் இருந்த அச்சுக்காரர், 1621-ல் தன் எழுத்துகளுக்கு ஒரு மாதிரிப் புத்தகம் போட்டவர். அவருடைய எழுத்து பாரிஸ் அரசு அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்து, காலப்போக்கில் கேரமாண்ட் பெயர் ஒட்டிக்கொண்டது. 1926-ல் பியட்ரிஸ் வார்ட் என்ற அம்மையார் ஆராய்ந்து அதை வெளியே கொண்டுவந்தார். அதையும் பால் போஜான் என்ற ஆண் பெயரில்தான் எழுதினார்.

இது உங்களுக்கு எதற்கு என்றால், ஜனோன் இட்டாலிக்கில் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும். தலைப்பு அளவில் பார்க்க உயிரோட்டமாக இருக்கும். வரிசையாகப் பெயர்கள் வரும் பக்கத்தில் கொஞ்சம் துள்ளும்.

இன்னொன்று ஈபி கேரமாண்ட். கியோர்க் டஃப்னர் தொடங்கியது, இலவசம், கூகுள் எழுத்துருக்களில் கிடைக்கும். ஈபி என்பது எகனோல்ஃப், பெர்னர் என்ற இரண்டு பெயர்கள். பிராங்க்ஃபர்ட் நகரத்தில் 1592-ல் வந்த அவர்களுடைய மாதிரித் தாளைப் பார்த்துச் செய்தது. அந்தத் தாளில் நேரெழுத்து கேரமாண்ட் வெட்டியது, சாய்வெழுத்து ராபர்ட் கிரான்ஜோன் வெட்டியது. அதாவது இன்று நாம் கேரமாண்ட் இட்டாலிக் என்று ரசிப்பது பல இடங்களில் கிரான்ஜோன் கைவேலை.

உங்கள் புத்தகத்துக்கு நான் இந்த ஈபி கேரமாண்டைத்தான் சொல்வேன்.

ஜூன் 5

“உண்மையான இட்டாலிக்கா, கணினி சாய்த்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்று குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சின்ன ஏ-வைப் பாருங்கள் அம்மா. நேரெழுத்தில் அதற்கு மேலே ஒரு கூரை இருக்கும். இட்டாலிக்கில் கூரை போய், பள்ளிக்கூடத்தில் கையால் எழுதப் பழகிய ஏ ஆகிவிடும். கேரமாண்டில் கூரையோடு சாய்ந்து நின்றால் அது கணினி வேலை. அடுத்து எஃப். இட்டாலிக்கில் அதன் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். ஹெச்சின் வலக்கால் பழைய சாய்வெழுத்துகளில் உள்ளே வளைந்து, அவசரத்தில் பார்த்தால் பி (b) மாதிரி தெரியும்.

இட்டாலிக் கோப்பை நிறுவாமல் விட்டுவிட்டால் வேர்ட் சத்தமில்லாமல் தானே சாய்த்துத் தந்துவிடும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைன் அப்படிச் செய்யாது, எழுத்துரு இல்லை என்று இளஞ்சிவப்புப் பட்டை காட்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே புத்தக வேலையை நான் வேர்டில் முடிப்பதில்லை.

ஜூன் 5, இரவு

வாணியம்பாடி வாசகர் ஒருவர் எழுதியது: “ஆல்டஸ் முழுப் புத்தகத்தையே சாய்வில் போட்டாரே, நீங்கள் நான்கு பக்கத்துக்குத் தடை போடுகிறீர்களே?”

நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் அது தனி எழுத்து. நேரெழுத்துக்குத் துணையாக அதே பக்கத்தில் வரவில்லை. வரிக்குள் ஒரு சொல்லை எடுத்துக்காட்ட இட்டாலிக், மற்றதெல்லாம் நேரெழுத்து என்கிற பழக்கம் 16-ஆம் நூற்றாண்டு போகப் போகத்தான் நிலைத்தது. ஆல்டஸின் பெரிய எழுத்துகள் சாயவும் இல்லை. ஒவ்வொரு கவிதை வரியும் ஒரு சின்ன நேரான பெரிய எழுத்தில் தொடங்கும், பின்னால் வருவது மட்டும் சாய்வு. கண்ணுக்கு அது ஒரு பிடிமானம். கவிதை என்பதால் வரியும் நீளமில்லை.

இதை யோசித்த பிறகு என் தடையைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். முன்னுரை ஒரு பக்கம் என்றால் சாய்வில் போடலாம். எழுத்து 12 பாயிண்ட், வரிக்கு வரி 16, ஒரு வரியில் ஒன்பது பத்துச் சொல்லுக்கு மேல் போகாமல். இட்டாலிக் குறுகலான எழுத்து, அதே அகலத்தில் அதிகச் சொல் ஏறிவிடும், அதனால் ஓரத்தை உள்ளே தள்ள வேண்டும். நான்கு பக்கம் என்றால் இன்னமும் வேண்டாம் என்பேன். அப்பா சொன்னதை ஊர் படிக்க வேண்டும்.

வெனிஸ் அரசு 1502-ல் ஆல்டஸுக்கு அந்த எழுத்தில் தனியுரிமை கொடுத்தது. பிரான்சில் லியோன் நகரத்து அச்சுக்காரர்கள் கவலைப்படாமல் நகல் எடுத்துப் புத்தகம் போட்டார்கள். 1503-ல் ஆல்டஸ் ஓர் அறிவிப்பு அச்சிட்டு, போலிப் பதிப்புகளில் உள்ள பிழைகளையெல்லாம் வரிசையாகச் சுட்டிக்காட்டினார். அவர்கள் அதையே வைத்துத் தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்.

ஜூன் 7

இரண்டு நாளாகத் தீசிஸ் வேலை. வேலூரில் இந்தத் தொழிலில் இருந்தால் மருத்துவ மாணவர்கள் வருவார்கள், ஆய்வேடு வரும், கூடவே நுண்ணுயிர்ப் பெயர்கள் வரும். இட்டாலிக்கை நான் மதிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இப்போது வந்திருப்பது தொழுநோய் பற்றியது. கரிகிரி மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் பகுதிக்கு அந்தப் பெயர் புதிதில்லை. மைக்கோபாக்டீரியம் லெப்ரே, 1873-ல் ஹான்சன் கண்டது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் சாய்வில். முதல் சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரியது. இரண்டாம் தடவை வரும்போது முதல் சொல்லை ஒற்றை எழுத்தாகச் சுருக்கலாம், அந்த ஒற்றை எழுத்தும் சாய்வில்தான்.

அத்தியாயத் தலைப்பையே சாய்வில் போட்டிருந்தார்கள். அப்படியானால் உள்ளே வரும் உயிரிப் பெயர் நேராக வேண்டும், வித்தியாசம் தெரிவதற்குத்தான் சாய்வு. அந்த மாணவி கேட்டார், “பல்கலைக்கழகத்தில் எல்லாம் சாய்வாக இருக்கணும்னு சொல்லிட்டா?” அப்படிச் சொல்ல மாட்டார்கள் அம்மா, அங்கே இருப்பவர்கள் இதைத் தினமும் படிக்கிறவர்கள் என்றேன்.

தம்பி, உங்கள் செடிப் பெயர்களுக்கும் இதே விதி. சந்தனம், சான்டலம் ஆல்பம், இரண்டும் சாய்வு. அதன் பின்னால் பெயர் வைத்தவரைக் குறிக்கும் எல் வரும், லின்னேயஸ். அது நேரெழுத்து. செஞ்சந்தனம், டெரோகார்பஸ் சான்டலினஸ், அதன் பின்னால் வரும் எல்-லும் எஃப்-பும் லின்னேயஸின் மகனைக் குறிப்பது, அதுவும் நேர். வகை என்று காட்டும் சுருக்கம் நடுவில் வந்தால் அது நேர், அதற்கடுத்த சொல் மறுபடி சாய்வு. ஒரு வரிக்குள் நேர், சாய்வு, நேர் என்று மாறி மாறி வரும்போது படிப்பவருக்கு எது செடி, எது ஆள் என்று கேட்காமலே தெரிந்துவிடுகிறது. இட்டாலிக் செய்கிற வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

தமிழ்ப் பக்கத்தில் அதே பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் நேராகவே விடுங்கள்.

ஜூன் 8

காட்பாடி நண்பர் கல்யாணப் பத்திரிகை பற்றிக் கேட்டார். நம்மூரில் ஆங்கிலப் பக்கம் என்றாலே மோனோடைப் கோர்ஸிவா என்ற எழுத்துருதான். பள்ளிச் சான்றிதழ், கிரகப்பிரவேச அழைப்பு, கடைத் திறப்பு எல்லாம் அதுதான். அந்த எழுத்துக்கும் நல்ல வம்சம் உண்டு. ரோமில் இருந்த லுடோவிகோ டெக்லி அர்ரிகி என்ற எழுத்தர் 1522 என்று தேதியிட்டு ஒரு கையெழுத்துப் பயிற்சி நூல் போட்டார். பாட்ரிசியா சாண்டர்ஸ் அம்மையார் கோர்ஸிவாவை வரைந்தது அர்ரிகி வழிக் கையெழுத்தைப் பார்த்துத்தான்.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், மணமக்கள் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்துவிடுகிறார்கள். வீச்சு வைத்த பெரிய எழுத்து ஒவ்வொன்றும் சொல்லின் தலையில் தனியாக நிற்க வரைந்தது. பத்தை அடுத்தடுத்து நிறுத்தினால் ஒன்றின் வால் அடுத்ததன் காலில் மாட்டும், பெயரையே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். முதல் எழுத்து மட்டும் பெரியது, மீதி சின்னது. பெண்ணின் அப்பா “பெயர் பெரிசா தெரியணும்” என்று கேட்டால் அளவைக் கூட்டிக் கொடுங்கள்.

பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கும் பெண் பெயருக்கும் நடுவில் வரும் “அண்ட்” குறி (&) மட்டும் கேரமாண்ட் இட்டாலிக்கில் போட்டுப் பாருங்கள். இலத்தீனில் “எட்” (et) என்றால் மற்றும். அந்த இ-யும் டி-யும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்பது அதில் தெளிவாகத் தெரியும். நேரெழுத்தில் அவ்வளவு தெரியாது. பெரிதாக, தனி வரியில், சிவப்பில். நான் செய்து கொடுத்த பத்திரிகைகளில் மனதுக்கு நிறைவானவை இப்படி வந்தவைதான்.

ஜூன் 8, இரவு

ஆம்பூர் கல்யாணப் பத்திரிகை பற்றியும் ஒரு வார்த்தை. அங்கேயும் வாணியம்பாடியிலும் உருது ஒரு பக்கம் வரும். நஸ்தலீக் எழுத்தில் ஒவ்வொரு சொல்லும் மேல் வலத்திலிருந்து கீழ் இடத்துக்கு இறங்கித்தான் வரும். பிறவியிலேயே சரிவுள்ள எழுத்து. ஆங்கிலம் சாய்ந்திருக்கிறதே என்று அதையும் பிடித்துச் சாய்த்த ஒரு வேலை என்னிடம் திருத்தத்துக்கு வந்தது. அந்தச் சாய்வை எடுத்துவிட்டு உருதுவை அதன் போக்கில் விட்டதும் பக்கம் தானாக அமைந்துவிட்டது.

மேலே சொன்ன கிரான்ஜோன் கடைசிக் காலத்தில் ரோமுக்குப் போய் அரபு எழுத்து வெட்டினார், சிரியாக், ஆர்மீனியன் எல்லாம் வெட்டினார். அவ்வளவு அழகான இட்டாலிக் வெட்டிய கை, அரபுக்குப் போனதும் அரபு எழுத்தர்களின் முறையைப் பார்த்து வேலை செய்தது.

ஜூன் 10

“நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் சாய்வு இருக்கிறதே, அது ஐ பட்டன் வேலை இல்லையே” என்று சென்னையிலிருந்து ஒருவர். ஆமாம், அதில் சாய்வு தனி வடிவமாகவே கிடைக்கிறது. எடுத்து அச்சிட்டுப் பார்த்தேன். ஒரு வரி மேற்கோள், படத்துக்கு அடியில் ஒரு குறிப்பு, இதற்கெல்லாம் தாங்குகிறது. பத்தி முழுக்கப் போட்டால் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. எழுத்து சாய்ந்திருக்கிறது, ஆனால் கை மாறவில்லை. கேரமாண்டில் நேரிலிருந்து சாய்வுக்குப் போனால் குரலே மாறுகிறது.

தமிழில் அந்தக் குரல் மாற்றத்துக்கு நம்மிடம் வேறு வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பழைய இலக்கியப் பதிப்புகளில் மூலப்பாட்டு பெரிய எழுத்து, உரை சின்ன எழுத்து. மேற்கோள் என்றால் இருபுறமும் உள்ளே தள்ளல். நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி. ஒரு சொல்லை அழுத்த வேண்டுமா, தடித்த எழுத்து, அல்லது வாக்கியத்தைத் திருப்பிப்போட்டு ஏகாரமோ “தான்” என்பதோ ஏற்றினாலே போதும். “அவர்தான் சொன்னார்” என்பதில் “தான்” செய்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் இட்டாலிக் தேவைப்படுகிறது.

ஜூன் 11

அடைப்புக்குறி பற்றி ராணிப்பேட்டைத் தம்பி தனியாகக் கேட்டதற்கு இங்கேயே சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும்.

செடிப் பெயர் அடைப்புக்குள் வந்தால் பெயர் சாய்வு, அடைப்பு நேர். அப்போது கடைசி எழுத்து எஃப், டி (d), எல் மாதிரி உயரமாக இருந்தால் தலை போய் அடைப்பில் முட்டும். அந்த இடத்தில் மட்டும் மயிரிழை இடைவெளி விடுங்கள். எல்லா இடத்திலும் விட்டால் சொல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே ஓட்டை விழும்.

லாங் பஜார் பக்கம் மாமாவோடு ஈய எழுத்துக் கோர்க்கும் கம்போஸிங் கற்றுக்கொண்ட காலத்தில் இதே எஃப்தான் எங்களைப் படுத்தியது. ஈயத்தில் இட்டாலிக் எஃப்பின் தலையும் வாலும் எழுத்தின் உடலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்து எழுத்தின் தோளில் தொங்குகிற மாதிரி. ட்ரெடில் அச்சு இயந்திரம் ஓடும்போது அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் அந்த நுனி ஒடிந்துவிடும். இட்டாலிக் எழுத்துகள் வைக்கும் பெட்டியான கேஸே சின்னது, அதில் எஃப் கொஞ்சம்தான் இருக்கும். மாமா ஒடிந்த எஃப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நுனி போனதை மட்டும் உருக்குப் பெட்டியில் போடுவார். சிராய்ப்பு மட்டும் என்றால் துடைத்துத் திரும்பக் கேஸில் வைப்பார். எஃப்பும் ஐ-யும் சேர்த்து ஒரே வார்ப்பாக வந்ததற்குக் காரணமும் இந்த முட்டல்தான். இன்டிசைனில் அந்தக் கூட்டெழுத்து தானாக வருகிறதா என்று பாருங்கள், அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

ஜூன் 13

கடைசியாக வந்த கேள்வி: ஆங்கிலப் பக்கத்தில் “சந்தனம்”, “வேம்பு”, “புளி” என்று தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது சாய்க்க வேண்டுமா? பிறமொழிச் சொல் சாய்வில் வர வேண்டும் என்று ஆங்கில நடை நூல்கள் சொல்கின்றனவே என்கிறார்.

லண்டனில் போடும் புத்தகத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஜவ்வாது மலையைப் பற்றி, அந்த மலையைச் சுற்றி இருப்பவர்களுக்காக, வட ஆர்க்காட்டில் போடுகிற புத்தகத்தில் வேம்பு பிறமொழிச் சொல் இல்லை. நேரெழுத்திலேயே நிற்கட்டும். வேலைக்கும் அதுதான் நல்லது. தமிழ்ப் பெயர், தாவரவியல் பெயர் இரண்டையும் சாய்த்தால் வரி முழுக்கச் சாய்ந்து, தேடுகிற பெயர் கண்ணில் படாது. உங்கள் ஆங்கிலப் பக்கத்தில் சாய்வுக்கு ஒரே வேலை கொடுங்கள்: இருசொல் தாவரப் பெயர். ஒரு பக்க முன்னுரை மட்டும் விதிவிலக்கு, அதற்குள் செடிப் பெயர் வந்தால் நேராக மாறும்.

பின்னால் வரும் பெயர் அட்டவணையிலும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் நேர், தாவரப் பெயர் சாய்வு, பக்க எண்கள் எல்லாம் நேர். மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன் அட்டவணையில் ஒரு பக்கத்தை, புத்தகத்துக்கு வாங்கப்போகிற அதே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் எடுத்து, அப்பாவிடம் கொடுத்து கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். அவருக்குச் சிரமம் என்றால் அரைப் பாயிண்ட் கூட்டுங்கள், எழுத்துருவை மாற்ற வேண்டாம்.